சுண்ணாம்புக் குன்றுகளில் கிராவல் சைக்கிள்

தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் குன்றுகளில் பெரிய உயரமெல்லாம் கிடையாது. அந்தச் சுண்ணாம்பு முகட்டில் எல்லாவற்றையும்விட உயரமான பட்சர் குன்றே சுமார் 270 மீட்டர்தான். ஆனாலும் வின்செஸ்டரில் கிளம்பி, முகட்டை ஒட்டியே கடலோர ஈஸ்ட்போர்ன் வரை போகும் 160 கிலோமீட்டர் பாதையைச் சைக்கிளில் முடிப்பவர், ஏறிய ஏற்றங்களைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரும். ஒரு காரணம் ஆறுகள். அருண், அடர், ஊஸ், கக்மியர் என்று நான்கு சிற்றாறுகள் குன்றை அறுத்துக்கொண்டு தெற்கே கடலுக்குப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றங்கரையிலும், சேர்த்து வைத்த உயரத்தையெல்லாம் இறங்கித் தொலைத்துவிட்டு மறுகரையில் முதலிலிருந்து ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட நிலத்தில் இன்று பலர் ஓட்டுவது, கல்லும் மண்ணுமான பாதைகளுக்கென்றே செய்த கிராவல் சைக்கிள். இந்த வகை பேர் வாங்கியது அமெரிக்காவில். கேன்சஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய நீண்ட மண்சாலைப் பந்தயம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2022-இல்தான் இதற்கென உலகச் சாம்பியன் போட்டியை நடத்த ஆரம்பித்தது. ஆனால் இங்கிலாந்தின் லெம்ஸ்டர் நகரத்தில் 1955-லேயே சில பேர் கூடி, கரடுமுரடான வழிகளில் ஓட்டுவதற்கென்றே ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்று ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். சாதாரண சைக்கிளில், முடியாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு, அவர்கள் போகாத இடமில்லை. ஆகவே இது புதுக் கண்டுபிடிப்பு என்று கடைக்காரர்கள் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். அந்தப் பாதியில் உண்மை உண்டு. அது பெரும்பாலும் டயரில் இருக்கிறது.

பார்வைக்கு இது ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். அதே வளைந்த ஹேண்டில்பார்தான். கீழ்ப்பிடி மட்டும் வெளிப்பக்கம் கொஞ்சம் விரிந்திருக்கும். முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதால் இறக்கத்தில் வண்டி தடுமாறாது. முன்னால் பெரும்பாலும் ஒரே பல்சக்கரம். அதில் 40 பல், பின்னால் பெரியதில் 42 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது பின்சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. அவ்வளவு இளகிய கியர் எதற்கு? தார்ச்சாலை ஏற்றத்தில் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்கலாம். உருளும் கல்மேல் அப்படி நின்றால் பின்சக்கரத்தின் மேலிருந்த எடை போய்விடும், டயர் பிடி இழந்து நின்ற இடத்திலேயே சுழலும். உட்கார்ந்தபடி நிதானமாகச் சுற்றித்தான் ஏற வேண்டும்.

டயருக்கு வருவோம். ரோடு சைக்கிளில் டயர் அகலம் 28 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். இதில் 38 முதல் 50 வரை. காற்றும் பாதிதான், 35 பிஎஸ்ஐ போல. காற்று குறைந்தால் வண்டி இழுக்குமே என்று தோன்றுவது இயல்பு. வழவழப்பான தளத்தில் அது சரி. கல் பாதையில் கணக்கு மாறும். இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு தடவையும் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே போய் வருகிறார்கள். அதற்கான சக்தி ஓட்டுபவரின் காலிலிருந்துதான் போகிறது. தளர்ந்த டயர் கல்லைத் தனக்குள் அமுக்கிக்கொள்கிறது, உடம்பு மேலும் கீழும் ஆடாமல் நேராகப் போகிறது. கை மரத்துப் போகாததும் அதனால்தான்.

காற்றைக் குறைத்தால் வேறொரு தொல்லை உண்டு. கல் டயரை ரிம் வரை நசுக்கும்போது நடுவில் மாட்டும் ட்யூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். எனவே ட்யூபையே எடுத்துவிட்டார்கள். டயரின் ஓரம் ரிம்மோடு காற்றுப் புகாமல் ஒட்டி நிற்கும்; உள்ளே கொஞ்சம் ரப்பர் பால். முள் குத்தினால் காற்று சீறி வெளியேறும் வேகத்தில் பாலும் ஓட்டைக்கு வந்து உறைந்து அடைத்துவிடும். தென் இங்கிலாந்தில் இது சிறிய விஷயமில்லை. வயலோர உயிர்வேலியெல்லாம் ஹாத்தார்ன் முட்செடி. அதை இயந்திரத்தால் கழித்துவிடும் பருவத்தில் பாதை முழுக்க முள் சிதறிக் கிடக்கும். பல முட்கள் குத்தியது வீட்டுக்கு வந்து டயரைக் கழுவும்போதுதான் தெரியும்.

ரப்பர் பாலுக்கு அடங்காத எதிரி சிக்கிமுக்கிக் கல். சவுத் டவுன்ஸ் குன்றுகள் சீமைச்சுண்ணாம்பால் ஆனவை. டைனோசர் காலக் கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணச் செதில்கள் அடியில் படிந்து படிந்து உண்டான பாறை அது. அதே கடலில் வாழ்ந்த கடற்பஞ்சுகளின் உடலிலிருந்த சிலிக்கா கரைந்து, சுண்ணாம்புச் சேற்றுக்குள் கட்டி கட்டியாக மறுபடி இறுகியதுதான் சிக்கிமுக்கி. மழை மென்மையான சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போக, கரையாத இந்தக் கட்டிகள் பாதையில் மிஞ்சுகின்றன. உடைந்தால் கண்ணாடி விளிம்பு. புதிய கற்கால மனிதர்கள் சசெக்ஸின் சிஸ்பரி குன்றில் சுரங்கம் தோண்டி இதை எடுத்துக் கோடரி செய்தது இந்த விளிம்புக்காகத்தான். டயரின் பக்கவாட்டில் அது ஒரு கோடு இழுத்தால் பால் போதாது; ரப்பர் திரியை ஊசியால் கிழிசலில் செருகி அடைக்க வேண்டும். ஈரத்தில் வேறு கதை. நனைந்த சுண்ணாம்பு பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி வழுக்கும். அதில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது.

எந்த வழியில் போகலாம் என்பதைக் கல்லைப் போலவே சட்டமும் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் தனியார் நிலத்தின் ஊடே போகும் பொதுவழிகள் ஏராளம், ஆனால் எல்லாவற்றிலும் சைக்கிள் போக முடியாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு குதிரைப்பாதை. 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் அதில் சைக்கிளையும் அனுமதித்தது. குதிரைக்கும் நடப்பவருக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஊதா அம்பு வழியில் மோட்டார் வண்டி தவிர எல்லாம் போகலாம். சிவப்பு அம்பு வழியில் மோட்டாரும் வரலாம், அதனால் அங்கே ஜீப் டயர் கிழித்த பள்ளத்தை எதிர்பார்த்தே போக வேண்டும்.

இந்த வழிகளைப் பதிவு செய்யச் சொன்னது 1949-ஆம் ஆண்டுச் சட்டம். ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். ஓர் ஊரார் குதிரைப்பாதை என்று எழுதிக் கொடுத்ததை அடுத்த ஊரார் நடைபாதை என்று எழுதிக் கொடுத்தார்கள். விளைவு, வயல் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஊரெல்லையில் நீல அம்பு மஞ்சளாகிவிடும். பாதை அதே பாதை, சைக்கிளுக்கு மட்டும் அங்கே வழி முடிந்தது! மொத்தப் பொதுவழிகளில் ஐந்தில் ஒரு பங்கைப் போலத்தான் சைக்கிளுக்குத் திறந்திருக்கின்றன. ஸ்காட்லாந்து 2003-இல் சட்டம் போட்டு, பொறுப்பாக நடந்துகொள்பவருக்கு ஏறத்தாழ எல்லா நிலத்தையும் திறந்துவிட்டது. இங்கிலாந்து இன்னும் அந்தப் பழைய பதிவேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

ஆகையால் அங்கே ஒரு கிராவல் வழித்தடம் போடுவதென்றால் புதுப்பாதை வெட்டுவதில்லை, துண்டுகளைத் தைப்பதுதான். ‘சைக்கிளிங் யூகே’ அமைப்பு 2020-இல் அறிவித்த ‘கிங் ஆல்ஃபிரட்ஸ் வே’ அதற்கு நல்ல உதாரணம். வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடின் தலைநகரான வின்செஸ்டரில் கிளம்பி, ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி கல்வட்டங்களைத் தொட்டு, ரிட்ஜ்வே என்ற பழம்பாதையில் ஏறி, 350 கிலோமீட்டர் சுற்றி மறுபடி வின்செஸ்டருக்கே வருகிறது. ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதி தேம்ஸ் நதி வரை சைக்கிளுக்குத் தாராளம். நதியைத் தாண்டியதும் பல இடங்களில் நடைபாதையாகிவிடுகிறது.

குளிர்காலத்தில் போனால் களிமண் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. மே முதல் செப்டம்பர் வரை உத்தமம். அப்போதும் தண்ணீரைப் பற்றி யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு மழையை அப்படியே உறிஞ்சிவிடுவதால் முகட்டில் ஓடையே இல்லை. ஊற்று அடிவாரத்தில்தான், ஊர்களும் அங்கேதான். சவுத் டவுன்ஸ் பாதையில் அடர் ஆற்றங்கரை, சாடில்ஸ்கோம் பண்ணை போன்ற சில இடங்களில் குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு பாட்டில் சுலபமாகக் காலியாகிவிடும்.