நெமோவின் இளமையும் அந்தமான் கைதிகளும்

ஒரு திரைப்படத்தின் கதை தொடங்குவதற்கு முன் அதன் நாயகன் எங்கே வளர்ந்தான், எதை இழந்தான், எதனால் அப்படி ஆனான் என்று சொல்லும் கதையை முன்கதை என்பர். அதுவே படத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, படத்தின் பெயரையும் விளம்பரத்தையும் பயன்படுத்தி நூலாக வரும்போது, பதிப்புத் துறையினர் அதனைப் படத்தோடு இணைந்த நாவல் என்று வகைப்படுத்துவர். 'பாகுபலி'யின் இரண்டாம் பாகம் 2017 ஏப்ரலில் திரைக்கு வருமுன்பே சிவகாமியின் இளமையைச் சொல்லும் ஆனந்த் நீலகண்டனின் ஆங்கில நாவல் கடைகளுக்கு வந்துவிட்டது. அறிவியல் புனைவுப் படமான 'கல்கி 2898 ஏடி' 2024 ஜூனில் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அதன் நாயகன் பைரவாவின் முன்கதை அனிமேஷன் தொடராக ஒளிபரப்பானது. இவ்வகைப் படைப்புகள் அனைத்துக்கும் ஒரே இடர்ப்பாடு உண்டு: நாயகன் என்ன ஆகப்போகிறான் என்பது வாசகருக்கு முன்பே தெரியுமாதலால், முடிவைக் காட்டி ஆர்வமூட்ட இயலாது, எப்படி, எதனால் என்ற கேள்விகளே கதையைத் தாங்கவேண்டும்.

இந்த இடர்ப்பாட்டை ஆராய்வதற்கு ஏற்ற பாத்திரம், திரைப்படம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட கேப்டன் நெமோ. பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் 1869-70இல் தொடராக எழுதிய கடலடி நாவலில், நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உலகத்தை வெறுத்து வாழும் இம்மனிதரின் நாடும் குலமும் சொல்லப்படவில்லை. ருஷ்யரிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துப் பிரபுவாக அவரைப் படைக்கவே வெர்ன் முதலில் எண்ணினார்; ருஷ்யாவில் நூல் விற்பனை கெடும் என்று பதிப்பாளர் எட்ஸெல் தடுத்ததால் நெமோவின் இறந்தகாலம் வெற்றிடமாக விடப்பட்டது. ஆயினும் அந்நாவலிலேயே ஒரு குறிப்பு உள்ளது: மன்னார் கடலில் முத்துக்குளிப்பவர் ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை நிறைய முத்துகளையும் கொடுத்தனுப்பும் நெமோ, ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்த அம்மனிதரோடு தம்மையும் சேர்த்தே பேசுகிறார்.

1875இல் நிறைவடைந்த மற்றொரு நாவலில் வெர்ன் தாமே அவ்வெற்றிடத்தை நிரப்பினார். நெமோ உண்மையில் புந்தேல்கண்ட் அரசரின் மகன் தக்கார் என்றும், பத்து வயதில் ஐரோப்பாவுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டு முப்பதாவது வயதில், 1849இல், நாடு திரும்பினார் என்றும், 1857 கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தபின் கடலுக்கடியில் தஞ்சம் புகுந்தார் என்றும் அந்நாவல் கூறுகிறது. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட முன்கதைகளுக்கே உரிய பொருத்தமின்மையும் இதில் காணப்படுகிறது: 1849இல் முப்பது வயதினராக இருந்தவர் 1868இல் ஐம்பதை எட்டியிருக்க முடியாது, நாவலோ அவரை அறுபது வயது முதியவராக அவ்வாண்டில் இறக்கச் செய்கிறது. மைசூரின் திப்பு சுல்தானுக்கு மருமகன் முறையாகப் புந்தேல்கண்ட் இளவரசர் ஒருவரைக் காட்டுவதும் வரலாற்றோடு ஒட்டவில்லை.

திரைப்படமும் பின்வந்த நாவல்களும் ஆளுக்கொரு வகையில் இவ்விளமையை மாற்றியெழுதின. 1954இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த படத்தில் ஜேம்ஸ் மேசன் நடித்த நெமோ, ரூரா பென்தே என்னும் கற்பனைத் தீவில் அடிமைக் கைதியாக உழைத்துத் தப்பியவர். கெவின் ஜே. ஆண்டர்சன் 2002இல் எழுதிய முன்கதை நாவலோ அவரை வெர்னின் இளமைத் தோழரான ஒரு பிரெஞ்சுக்காரராக்கி, இந்தியத் தொடர்பையே அறுத்துவிட்டது. அதே எழுத்தாளர் நாவலாக்கித் தந்த 2003ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் நசீருதீன் ஷா நெமோவாக நடித்தது ஒரு முரண். 2024இல் வெளிவந்த 'நாட்டிலஸ்' தொடரில் ஷசாத் லத்தீஃப் ஏற்றுள்ள இளம் நெமோ, 1857இல் வணிகக் கம்பெனி ஒன்றின் பிடியிலிருந்து கப்பலோடு தப்பும் இந்திய இளவரசர்.

கைதி, தீவு, 1857 என்னும் இம்மூன்றும் கற்பனையில் மீண்டும் மீண்டும் இணைவதைக் காண்பவர், அவை மெய்யாகவே இணைந்த அந்தமானை நினையாமல் இருக்க முடியாது. ஆர்ச்சிபால்ட் பிளேர் 1789இல் தொடங்கிய முதல் குடியேற்றம் நோயினால் 1796இல் கைவிடப்பட்டபின் ஏறத்தாழ அறுபதாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த இத்தீவுகளுக்கு, 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கி, சாத்தம் தீவில் காடழிக்கும் வேலையைத் தொடங்கினார். இன்று பலரும் அந்தமான் சிறையென நினைக்கும் செல்லுலர் சிறை 1896இல் கட்டத் தொடங்கப்பட்டு 1906இல் முடிந்ததாகையால், 1857 கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளைச் சூழ்ந்திருந்தவை சுவர்கள் அல்ல, கடலும் காடுமே. அவர்களுள் ஒருவரான அறிஞர் ஃபசல்-இ-ஹக் கைராபாதி 1861இல் இங்கேயே மாண்டார். சிப்பாய் தூத்நாத் திவாரி 1858இல் தப்பி அந்தமானியப் பழங்குடியினரிடையே ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்தார். 1859இல் அப்பழங்குடியினர் குடியேற்றத்தைத் தாக்கவிருந்த வேளையில் திரும்பி வந்து ஆங்கிலேயருக்கே எச்சரிக்கை கொடுத்தார்.

திவாரியின் வாழ்க்கை நெமோவின் கதையை ஏறத்தாழத் தலைகீழாக்குகிறது: இருவரும் தோற்ற கிளர்ச்சியிலிருந்து வந்தவர்கள், இருவரும் தப்பியவர்கள், ஆனால் ஒருவருக்குச் செல்வமும் கப்பலும் இருந்தன, மற்றவருக்கு அடைக்கலம் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுத்தேனும் உயிரையும் மன்னிப்பையும் பெறும் வழியே இருந்தது. நெமோவின் இளமையை இனி எழுதுபவர் அவருடைய கோபத்துக்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை, அதனை வெர்னே கொடுத்துவிட்டார். அக்கோபத்தை ஏந்தியும் தப்புவதற்குக் கப்பல் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கூடவே காட்டும் முன்கதைதான், முடிவு தெரிந்த வாசகரையும் இறுதிப் பக்கம்வரை கொண்டுசெல்லும்.