முதல் நகரை எங்கே வைப்பது? ஒரு செல்போன் கேமும் தாம்பரத்து ஏரிகளும்!

கடற்கரை ஸ்டேஷனில் ஏறி, ஜன்னலோர இடமும் கிடைத்துவிட்டால், தாம்பரம் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்குள் செல்போனிலேயே ஒரு பேரரசுக்கு அஸ்திவாரம் போட்டுவிடலாம். 'சிவிலைசேஷன்' கேம் ஆடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு இதுவும் 'எப்பப் பார்த்தாலும் போனு' கணக்குதான். ஆனால், ஓடிக்கொண்டே சுடுகிற கேம்களிலிருந்து இது வேறு ரகம். சதுரங்கம்போல நாம் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. நம் டர்னை முடிக்கும்வரை உலகம் காத்திருக்கும். குரோம்பேட்டையில் இறங்க வேண்டுமென்றால் அப்படியே நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்த் தொடரலாம்.

சிட் மெய்யர் என்ற கேம் வடிவமைப்பாளர் 1991-ல் தொடங்கிவைத்த வரிசை இது. ஆறாவது பாகம் 2016-லும், ஏழாவது பாகம் 2025 பிப்ரவரியிலும் வந்தன. போனிலும் ஆடக்கூடிய ஆறாவது பாகத்தை வைத்தே பார்ப்போம். ஒரு முழு ஆட்டம் 500 டர்ன் வரை நீளும். ஆனால் முதல் ஐம்பது டர்னில் எடுக்கும் முடிவுகள்தான் மீதி ஆட்டத்தின் தலையெழுத்தை எழுதுகின்றன.

முதல் கேள்வி: தண்ணீர் எங்கே?

ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பது இரண்டே பேர். நகரை நிறுவும் 'செட்லர்' ஒருவர், போர்வீரர் ஒருவர். சுற்றிலும் சில கட்டங்கள் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு.

செட்லரைத் தொட்டால் வரைபடம் நிறம் மாறும். நன்னீர் உள்ள இடம் கரும்பச்சை, கடலோரம் இளம்பச்சை, குடியேற முடியாத இடம் சிவப்பு. ஆற்றையோ ஏரியையோ ஒட்டி நகரை வைத்தால் குடியிருப்பு வசதி 5. கடல் மட்டும் இருந்தால் 3. இரண்டும் இல்லையென்றால் 2. மக்கள்தொகை இந்த எண்ணை நெருங்கியதும் நகரின் வளர்ச்சி பாதியாகக் குறைந்துவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் வைத்த தலைநகர் ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கும்.

அடுத்து, மேடு. சமவெளிக் குன்றின் மேல் நகரை வைத்தால் நகர் மையத்திலிருந்தே 2 உணவும் 2 உற்பத்தியும் வரும். சாதாரண நிலத்தில் பெரும்பாலும் உற்பத்தி 1தான். ஒரு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் தொடக்கத்தில் ஒவ்வொரு வேலையையும் முடிக்கும் வேகத்தை அந்த ஒரு புள்ளிதான் தீர்மானிக்கிறது. இதற்காக ஒன்றிரண்டு டர்ன் நடக்கலாம். அதற்கு மேல் நல்ல இடம் தேடி அலைந்தால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள்.

இரண்டாவது வேலை: ஊரைச் சுற்றிப் பார்

புதிதாக ஆடுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் நகர் வந்ததும் 'ஸ்டோன்ஹெஞ்ச்' போன்ற உலக அதிசயத்தைக் கட்ட உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு உற்பத்திப் புள்ளிகள் 180 வேண்டும். அது முடிவதற்குள் பக்கத்து நாட்டுக்காரர் நல்ல நிலத்தையெல்லாம் வளைத்துப் போட்டிருப்பார்.

அனுபவசாலிகள் முதலில் செய்வது 30 புள்ளியில் ஒரு 'ஸ்கவுட்'. அவர் ஊரைச் சுற்றிப் பார்க்கிற ஆள். கிராமங்களைக் கண்டுபிடித்தால் பரிசு கிடைக்கும், புதிய நகர அரசு ஒன்றை முதலில் சந்தித்தால் நட்பும் கிடைக்கும். அடுத்து, கவண் எறியும் 'ஸ்லிங்கர்'. காட்டுக் கூட்டத்தின் வேவுக்காரன் நம் ஊரைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பினால் அங்கிருந்து படையே கிளம்பி வரும். அவனை வழியிலேயே மடக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா?

மூன்றாவதாக இரண்டாம் செட்லர். இவருக்கு 80 புள்ளி. அடுத்தடுத்த செட்லருக்கு விலை ஏறிக்கொண்டே போகும். அதோடு நகரின் மக்கள்தொகையில் ஒன்று குறையும். ஒரு குடும்பத்தைப் பிரித்து அனுப்பித்தான் அடுத்த ஊர் பிறக்கிறது. இரண்டு நகரங்களுக்கு நடுவில் குறைந்தது மூன்று கட்டமாவது இருக்க வேண்டும் என்பது விதி.

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வரைபடம்

போனிலிருந்து தலையை நிமிர்த்தினால், இதே ஆட்டத்தை ஆடிய மண் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிறது. பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழங்கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். குன்றும் நீரும் இருந்த இந்தப் பகுதியை ஆதிமனிதனே பார்த்து வைத்திருக்கிறான்.

ஆனால் இங்கே வருடம் முழுக்க ஓடும் பெரிய ஆறு இல்லை. அடையாறு மழையை நம்பிய ஆறு. கேம் விதிப்படி பார்த்தால் பாதி இடத்துக்குக் கரும்பச்சை கிடைத்திருக்காது. இங்கே குடியேறியவர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடுவதோடு நிற்கவில்லை. கரை போட்டு ஏரியை உண்டாக்கி, அதன் பக்கத்தில் ஊரை வைத்தார்கள். ஏரிகளைத் தனித்தனியாகவும் விடவில்லை. சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கத்து உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும் சங்கிலி அது.

ஏரியை வெட்டினால் போதாது. பராமரிக்க ஆள் வேண்டும். உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைப் பார்த்துக்கொள்ள 'ஏரி வாரியம்' என்ற குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. முதலாம் ராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைப் புதிய தலைநகராக்கியபோது, சோழகங்கம் என்ற பெரிய ஏரியையும் சேர்த்தே வெட்டினான்.

சிவிலைசேஷன் ஏழாம் பாகத்தில் சோழர்களும் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் உண்டு. கடலில் செல்லும் கலமும் உண்டு. கோயிலும் கப்பலும் பார்க்கக் கம்பீரம். அவற்றைக் கட்டும் வசதி வந்ததற்கு ஏரிப் பாசனமும் ஒரு காரணம். ஆறாம் பாகத்தில் இந்தியாவுக்குக் கொடுத்திருக்கும் தனிச் சிறப்பு ஒரு படிக்கிணறு. அதை வெட்டினால் உணவும் கூடும், குடியிருப்பு வசதியும் கூடும். கேமை உருவாக்கியவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது.

வெள்ளம் வரும் கட்டம்

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. ரயிலைத் தொடர்ந்து மனைகள் வந்தன. ஏரியும் வாய்க்காலும் வயலும் இருந்த இடத்தில் நகர்களும் தெருக்களும் முளைத்தன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது.

இடையில் ஒரு டிசம்பர் வந்தது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாறு பொங்கி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. மனை வாங்கியவர்களுக்குத்தான் அந்த வழி தெரியாமல் போனது.

சிவிலைசேஷன் ஆறாம் பாகத்துக்கு 2019-ல் வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' இணைப்பில் இந்தப் பாடமும் இருக்கிறது. ஆற்றோர வெள்ளச் சமவெளியில் விளைச்சல் அதிகம். ஆனால் வெள்ளம் வந்தால் வயலும் கட்டடமும் சேதமாகும். வடிந்தபின் அதே மண் இன்னும் வளமாகும். அணை கட்டினால் தப்பலாம். ஆட்டத்தில் கெட்டிக்காரர்கள் அந்தக் கட்டத்தை ஒதுக்குவதில்லை. அங்கே வயலை வைத்து, முக்கியமான கட்டடங்களை மேட்டுக்கு நகர்த்துகிறார்கள். நம் முன்னோர் செய்ததும் ஏறத்தாழ அதுதான்: பள்ளத்தில் ஏரி, ஏரிக்குக் கீழே வயல், மேட்டில் ஊர்.

கேமில் தவறான இடத்தில் நகரை வைத்துவிட்டால் புதிதாக இன்னொரு ஆட்டம் தொடங்கலாம். முப்பது வருடக் கடனில் வாங்கும் வீட்டுக்கு அந்த வசதி இல்லை. மனையைக் காட்ட வருகிறவர் கையில் பச்சை, சிவப்பு வரைபடமும் இருக்காது. அங்கே ஸ்கவுட் வேலையை நாமேதான் பார்க்க வேண்டும். பக்கத்து ஏரியின் கலங்கல் எங்கே, உபரி நீர் எந்தப் பக்கம் போகும், 2015-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அங்கே பல வருடம் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இந்த கேமை ஆடினால், போனைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "முதல் ஊரை ஏன்டா அங்க வெச்ச?" ஆற்றைக் காட்டிப் பதில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மாலை பக்கத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். அடுத்த கேள்வியை அங்கே நின்று கேட்கலாம்: "நம்ம ஊரை ஏன் இங்க வெச்சாங்க?"