புற்றுநோயும் பத்தியமும்

நோயென்று ஒன்று வந்தவிடத்து, "எதனை உண்ணலாம், எதனை விலக்கல் வேண்டும்?" என வினாவுதல் தமிழ் மக்களின் நெடுங்கால வழக்கம். மருந்தையும் பத்தியத்தையும் ஒருங்கு வைத்தெண்ணியவர் நம் முன்னோர். திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்திலே அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகின்றார். ஆயின், புற்றுநோயைப் பொறுத்தமட்டில் இப்பத்திய வழக்கம் ஒருபால் நன்மையும் மற்றொருபால் பெருந்தீங்கும் பயப்பதாயுள்ளது. நோய் வருமுன்னர், சிகிச்சை நடைபெறுங்கால், சிகிச்சை முடிந்த பின்னர் என்னும் மூன்று நிலைகளிலும் உணவு செய்யும் தொழில் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது உடல் எண்ணிறந்த கலங்களால் ஆயது. கலங்கள் பிரிந்து பெருகுதலும் முதிர்ந்தவை அழிதலும் ஓர் ஒழுங்குக்கு அமைய நிகழ்வன. அவ்வொழுங்கை ஆளும் பரம்பரையலகுகள் பழுதுறின், கலங்கள் கட்டின்றிப் பெருகி அயலிலுள்ள இழையங்களினுட் புகுகின்றன, இதுவே புற்றுநோய். இப்பழுது ஒரு நாளில் நேர்வதன்று. பல்லாண்டுகளாகத் திரண்டு வருவது. புகையிலை, சிலவகை வைரசுகள், கதிர்வீச்சு, முதுமை, பரம்பரை, தற்செயல் எனக் காரணங்கள் பல. உணவும் அவற்றுள் ஒன்று. றிச்சாட் டோல், றிச்சாட் பீற்றோ என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவிற் புற்றுநோயால் நேரும் மரணங்களுள் நூற்றுக்கு 35 அளவில் உணவுமாற்றத்தால் தவிர்க்கத்தக்கனவாகலாம் என மதிப்பிட்டனர். எனினும், அம்மதிப்பு 10 முதல் 70 வரை வேறுபடக்கூடும் என்றும் அவர்களே கூறியுள்ளமை நோக்கற்பாலது. உணவு ஒரு காரணம் என்பது துணிபு; உணவே காரணம் என்பது துணிபன்று.

முதலில், விலக்கத் தக்கவற்றை நோக்குவாம். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முதன்மையானது. அதற்குப் பெருங்காரணம் வெற்றிலையோடு மெல்லப்படும் பாக்கும் புகையிலையுமாகும். புகையிலையை நீக்கிவிட்டால் தீங்கில்லை எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை விளைவிப்பதே என்றும், பாக்குத் தானே அத்தன்மையது என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. மதுபானமும், உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியும் அந்நிலையத்தால் முதல் வகுப்பில் வைக்கப்பட்டவை. பதப்படுத்திய இறைச்சியை நாடோறும் 50 கிராம் வீதம் உண்போர்க்குப் பெருங்குடற்புற்று நேரும் வாய்ப்பு, உண்ணாதோரிலும் பார்க்க நூற்றுக்கு 18 பங்கு மிகுமென 2015இல் அது அறிவித்தது.

மற்றொரு தீங்கு நமது அடுக்களையிலேயே ஒளிந்திருப்பது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாது மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படிந்திருந்த ஒருவகைப் பங்கசு உண்டாக்கிய நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அஃபிளாற்றொட்சின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சு மனிதருக்கு ஈரற்புற்றை விளைவிப்பது. சாதாரண சமையல் வெப்பத்தால் அது முற்றாக அழிவதில்லை. ஆகவே, பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், கொப்பரா, செத்தல் மிளகாய் என்பவற்றைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தலாம் என எண்ணுதல் தவறு. அவற்றை எறிந்துவிடுதலே தக்கது. தானியங்களை நன்கு உலர்த்தி ஈரம் புகாது வைத்தல் அதனினும் தக்கது.

இனி, கொள்ளத் தக்கவை யாவை? நாளொன்றுக்கு 400 கிராமுக்குக் குறையாது மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தவிடு நீங்காத அரிசி, குரக்கன், பயறு, கௌபி, கீரை ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருள் பெருங்குடலுக்குக் காவலாகின்றது. உடற்பருமன் மிகுதலும் 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையதென 2016இல் அறிஞர் முடிவு செய்தனர். எனவே, குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் நாட்டுப்புற உணவென்று இகழத்தக்கன அல்ல. அவற்றைக் கைவிட்டு, வெண்மாவும் சீனியும் எண்ணெயும் மலிந்த பண்டங்களை நாடுதலே இகழத்தக்கது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். மரக்கறியில் உள்ள சத்தைப் பிரித்தெடுத்துக் குளிகையாக உண்டால் என்ன? இவ்வினாவுக்கு விடை காணப் பின்லாந்திற் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. கரற்று முதலியவற்றிலுள்ள பீற்றா கரோற்றீன் என்னும் பொருளைக் குளிகையாக உட்கொண்டோரிடையே சுவாசப்பைப் புற்று குறையவில்லை. நூற்றுக்கு 18 பங்கு கூடியதென 1994இல் வெளியான முடிவு காட்டிற்று. அமெரிக்காவில் நடந்த இத்தகைய மற்றொரு பரிசோதனை, இதே தீங்கு கண்டு 1996இல் இடையில் நிறுத்தப்பட்டது. உணவு வேறு, உணவினின்று பிரித்த ஒரு பொருள் வேறு என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது நிலை சிகிச்சைக் காலம். இங்கேதான் நமது பத்திய வழக்கம் பெருந்தீங்கு செய்கின்றது. மீன் கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, பருப்பு வாயு, இனிப்பு நோயை வளர்க்கும் என ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாக விலக்க, இறுதியில் நோயாளிக்கு எஞ்சுவது வெறுங்கஞ்சியே. அன்பினாற் செய்யும் இச்செயலே அவரை மெலிவிக்கின்றது. சீனியை நிறுத்தினாற் புற்று பட்டினியால் மடியும் என்னும் கருத்துக்கு மூலமானது ஒற்றோ வாபேக் என்னும் சேர்மானிய அறிஞரின் ஆராய்ச்சி. புற்றுக் கலங்கள் குளுக்கோசை மிகுதியாகச் செலவிடுகின்றன என்று அவர் 1920களிற் கண்டது உண்மையே. ஆயின், குருதியிலுள்ள குளுக்கோசின் அளவை உடல் தானே காத்துக்கொள்வது. உணவில் அது குறையின், தசையிலுள்ள புரதத்தைக் கரைத்தாயினும் ஈரல் அதனை ஆக்கிவிடும். பட்டினியாற் பெரிதும் கரைவது நோயாளியின் தசையேயன்றிப் புற்றன்று.

புற்றுநோய்க்கான மருந்துகள் விரைந்து பிரியும் கலங்களைத் தாக்குவன. வாயின் உட்படை, குடலின் உட்படை, வெண்குருதிக் கலங்களை ஆக்கும் என்புமச்சை ஆகியவையும் விரைந்து பிரிவனவாதலின், அவையும் தாக்குண்கின்றன. வாய்ப்புண், குமட்டல், சுவைமாற்றம் என்பன இதனாலேயே தோன்றுவன. இக்காலத்தில் உடல்நிறை குறையாது காத்தலே முதற் கடமை. உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும் 1 முதல் 1.5 கிராம் புரதமும் வேண்டப்படும். 50 கிலோகிராம் நிறையுடையார்க்கு 50 முதல் 75 கிராம் புரதம் எனக் கொள்க. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராமும் புரதம் உண்டு. சைவ உணவினர் பயறு, பருப்பு, உழுந்து, சோயா, பால், தயிர் என்பவற்றால் இதனை நிறைவு செய்யலாம். மூன்று வேளை வயிறு நிறைய உண்ண இயலாதார்க்கு ஆறு வேளை சிறிது சிறிதாகக் கொடுத்தல் நன்று. வாய்ப்புண் உள்ளார்க்கு உறைப்பும் புளிப்பும் தவிர்த்து, பாலும் பயறும் சேர்த்துக் குழைத்த கஞ்சியை ஆறவைத்துக் கொடுக்கலாம். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்குங்கால் நன்கு வேகாத முட்டை, கழுவாத பச்சை இலைகள், பழங்கறி, கொதியாநீர் என்பன விலக்கற்பாலன. இதுவே இக்காலத்துக்கு உரிய உண்மைப் பத்தியம். சில மூலிகைக் கசாயங்கள் மருந்தின் செயலை மாற்றவல்லன. ஆதலின், மருத்துவருக்கு அறிவியாது அவற்றைக் கொடுத்தலாகாது. நீரிழிவு முதலிய பிற நோய் உடையாரும் தம் உணவைப் பற்றி மருத்துவரையே வினாவுதல் வேண்டும்.

மூன்றாவது, தேறும் நிலை. குடலிலோ வாயிலோ சத்திரசிகிச்சை பெற்றோரும், கதிர்ச்சிகிச்சையால் உமிழ்நீர் வற்றினோரும் மென்மையான உணவினின்று படிப்படியாக வழமைக்கு மீளல் வேண்டும். இழந்த தசை மீள்வதற்குப் புரதத்தோடு நடையும் இன்றியமையாதது. அதன்பின், நோய்வருமுன் கூறிய உணவுமுறையே இவர்க்கும் உரியதாகும். அதனினும் கடுநோன்பு வேண்டுவதில்லை. மார்புப்புற்றினின்று தேறிய 3,088 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினர் மரக்கறியும் பழமும் நார்ப்பொருளும் மிகமிகக் கூட்டி, கொழுப்பைக் குறைத்தும் உண்டனர். எனினும், பொதுவான நல்லுணவு உண்ட ஏனையோரிலும் அவர்க்கு நோய் மீளுதல் குறைந்திலது. அளவான நல்லுணவே போதியதென்பது பெறப்படும்.

முடிவாக இரண்டு கூறுவாம். உணவு துணையேயன்றிச் சிகிச்சைக்கு ஈடாகாது. குணப்படுத்தத்தக்க பருவத்தில் வைத்தியசாலையை விடுத்து, சாறும் இலையும் நம்பிக் காத்திருப்போர் இழப்பது மீளப்பெற இயலாத காலத்தை. மற்றது, நோயுற்றாரைப் பார்த்து, "நீர் உண்டதனால் வந்தது" எனக் கூறுதல் அறமன்று, அறிவுமன்று. ஒழுங்காக உண்டோர்க்கும் இந்நோய் வருதல் கண்கூடு. எனவே மாணவர்காள், நோயில்லாக் காலத்தில் நும் உணவிற் கட்டுப்பாடு கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றகாலை, அவர் உண்ணக்கூடியது யாதென அறிந்து, அதனை அவருக்கு ஊட்டுங்கள். பத்தியம் என்பது விலக்குதல் மாத்திரமன்று. வேண்டுவதை வேண்டிய காலத்திற் கொடுத்தலும் பத்தியமேயாகும்.