மெட்ராஸ் ஐ இல்லை... கண்ணுக்குள் நெளியும் புழு!

பைக்கில் போகும்போது கண்ணில் ஏதோ சுரீரென்று மோதுகிறது. பூச்சிதான் என்று கசக்கிவிட்டுப் போய்விடுகிறோம். சில மணி நேரத்தில் கண் சிவந்து, நீர் வடிந்து, மணல் விழுந்ததுபோல உறுத்துகிறது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, “மெட்ராஸ் ஐ!”

பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், உள்ளே ஏதோ ஊர்வதுபோலத் தோன்றினால் கொஞ்சம் உஷாராகுங்கள். அது ஓர் ஈயின் வேலையாக இருக்கலாம்.

‘ஈஸ்ட்ரஸ் ஓவிஸ்’ என்பது அதன் பெயர். சிறு தேனீ அளவில் இருக்கும். மற்ற ஈக்களைப்போல முட்டையிடாது. உயிருள்ள புழுக்களைப் பறந்தபடியே ஆட்டின் மூக்கில் பீய்ச்சிவிடும். புழுக்கள் அங்கே வளர்ந்து, ஆடு தும்மும்போது வெளியே விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். ஆடுகள் சில சமயம் மூக்கைத் தரையில் அழுத்திக்கொண்டு நிற்பது இந்த ஈக்குப் பயந்துதான். எப்போதாவது குறி தவறினால் மனிதக் கண்!

‘மெட்ராஸ் ரெட்’ செம்மறிகள் மேயும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஆடு குறுக்கே வராத சாலை ஏது? திருப்பருத்திக்குன்றத்தில் தறியில் உட்கார்ந்து, மயிரிழைப் பட்டு நூலைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ஒரு கண் கலங்கினாலே அன்றைய வேலை போயிற்று.

ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தப் புழு கண்ணாடிபோல இருப்பதால் வீட்டில் யார் பார்த்தாலும் தெரியாது. வாயிலுள்ள கொக்கிகளால் இமையின் உள்பக்கத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால் தண்ணீர் அடித்தாலும் போகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதெல்லாம் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து. கசக்கினால் கருவிழியில் கீறல் விழும்.

ஆறுதலான சேதி, ஆட்டு ஈயின் புழு மனிதக் கண்ணில் வளர முடியாது. சில நாள்களில் தானே செத்துவிடும். மிக அரிதாக, மாட்டைத் தாக்கும் வேறு ஈயின் புழு கண்ணுக்குள்ளேயே துளைத்துக்கொண்டு போவதுண்டு. அதில் பார்வையே பறிபோகலாம். எது எதுவென்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது என்பதால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அவர் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கி வழியே பார்த்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் இமை மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். அதனால் மறுநாளும் வரச் சொல்வார். வலி குறைந்துவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். முதல் நாள் தப்பிய ஒன்றிரண்டு அன்றைக்குத்தான் சிக்கும்.