சிங்கிக்கு ஒரு சுவர்

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் மெயின் அருவி, ஐந்தருவி என்று ஈரத்தலையோடு ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். குற்றாலநாதர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம் சித்திர சபைக்கு. நான் போன அன்று உள்ளே நாலு பேர்தான். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று இது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே ஓவியம். செப்புத் தகடு வேய்ந்த கூரையின் கீழே கூத்தன் சிலையாக இல்லை, சுவரில் வண்ணமாக ஆடுகிறான். சுற்றிலும் மூலிகை வண்ணத்தில் மீனாட்சி கல்யாணம், திருவிளையாடல், தேவியின் வடிவங்கள்.

நான் தேடிப் போனது சிங்கியை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் காதல் வசந்தவல்லிக்கு. கதையைச் சுமப்பவள் இந்தக் குறத்திதான். ஊர் ஊராக நடந்து, குறி சொல்லி, சம்பாதித்த நகையைப் பூட்டிக்கொண்டு வருகிறாள். இது ஏது, அது ஏது என்று அவள் கணவன் சிங்கன் குடைகிற கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்கிறாள். அந்த நூலுக்காக நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். பாட்டில் இருக்கிறாள், நிலத்தின் பெயரில் இருக்கிறாள். சுவரில் என் கண்ணுக்கு அகப்படவில்லை.

உழைக்கும் பெண்கள் சுவரில் ஏறிய வேறோர் இடம் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் என்றொரு வட்டாரம் உண்டு. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பேட்டை. 1970-களின் தொடக்கத்தில் பாட்ரிசியா ரோட்ரிகஸ், கிராசியெலா கரியோ, கொன்சுவெலோ மெண்டஸ், இரேனே பெரஸ் என்ற பெண்கள் அங்கே சாரம் ஏறினார்கள். குழுவுக்கு 'முஹேரெஸ் முரலிஸ்தாஸ்' என்று பெயர். சுவரோவியப் பெண்கள் என்று அர்த்தம். தங்கள் வீட்டையும் சந்தையையும் சனத்தையும் தெருச் சுவரில் ஏற்றினார்கள்.

அதே வட்டாரத்தில் 1983-இல் ஹுவானா அலிசியா வரைந்த 'லாஸ் லெச்சுகேராஸ்' என்னை விடாமல் பிடித்துக்கொண்ட படம். லெட்டூஸ் கீரை அறுக்கும் பெண்கள், மேலே பூச்சிமருந்து அடிக்கிற விமானம். அவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையும் நமக்குத் தெரிகிறது. வேடிக்கை பார்த்து வரைந்தவர் அல்ல அலிசியா. சாலினாஸ் வயல்களில் கர்ப்பிணியாக அதே வேலையைச் செய்தவர்.

தண்ணீர் இறங்கி அந்தச் சுவர் பாழானது. 2004-இல் அதே இடத்தில் அவர் வேறொன்றை வரைந்தார். அதுவும் தண்ணீரைப் பற்றித்தான்! பொலிவியாவின் கொச்சபம்பாவில் குடிநீருக்காகப் போராடியவர்கள் அதில் இருக்கிறார்கள். கூடவே, அணையை எதிர்த்த நம் நர்மதைப் பெண்களும்.

இங்கேயும் சிங்கிகள் உண்டு. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் வாசல்படியில் மடியில் தட்டோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீடி இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இருமலும் முதுகுவலியும் அந்தக் கணக்கில் வராது. மகனின் காலேஜ் ஃபீஸும் மகளின் கம்மலும் அந்தத் தட்டிலிருந்து வந்த வீடுகள் எத்தனையோ.

பீடி உடம்புக்குக் கேடாச்சே, அதைச் சுற்றுகிறவளை வரையலாமா என்று யாராவது கேட்பார்கள். அலிசியா பூச்சிமருந்தை மறைக்கவில்லை. நாமும் தூளை மறைக்க வேண்டாம். நெஞ்சுக்குள் போவதையும் சேர்த்தே வரையலாம்.

சென்னை கண்ணகி நகரில் 2020-இல் குடியிருப்புச் சுவர்களில் ஓவியங்கள் ஏறின. தென்காசியில் ஒரே ஒரு மதில் போதும், பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக இருந்தால் நல்லது. இந்த ஊர்ப் பெண் பிள்ளைகளே வரையட்டும். தட்டு பிடித்த கைகளைக் கேட்டுவிட்டு வரையட்டும். நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: இது சாரல் விழும் ஊர். முதலில் சுவரின் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள். பிறகு வண்ணம் வாங்கலாம்.