காதுக்குள் பஸ் டிக்கெட்! "சடன் பிரேக்" போட்டால் செவிப்பறை காலி!!

சென்னை, மாலை நேரம்.

பஸ்சில் ஜன்னல் ஓர சீட் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன? டிக்கெட்டைச் சுருட்டு! காதுக்குள் விடு! கண்ணை மூடிக்கொண்டு குடை!

அந்த நேரம் பார்த்து டிரைவர் "சடன் பிரேக்" போட்டால்?

காதுத் துவாரத்தில் இருந்து செவிப்பறை சுமார் 2½ சென்டிமீட்டர் தூரம்தான். ஒரு அங்குலம்! மெல்லிய ஜவ்வு. குத்தினால் ஓட்டை. அப்புறம் சீழ், வலி, காது மந்தம்.

காவல்காரன்

காதுக் குறும்பி அழுக்கு அல்ல. தூசியைப் பிடித்து நிறுத்தும் காவல்காரன். பேசும்போதும், சாப்பிடும்போதும் தாடை அசைகிறது அல்லவா? குறும்பி தானாகவே மெல்ல வெளியே வந்துவிடும்.

குடைந்தால் வெளியே வருவது கொஞ்சம். உள்ளே போய் அடைப்பது நிறைய. "பட்ஸ்" குச்சியும் அதே கதைதான். ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி என்றால் கேட்கவே வேண்டாம்!

அடைத்தால் என்ன செய்வது?

குறும்பியை இளக்க சொட்டு மருந்து இருக்கிறது. டாக்டரைக் கேட்டு சில நாள் விட்டால் போதும். பூண்டு போட்டுக் காய்ச்சி, சுடச்சுட எண்ணெய் ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

காதில் சீழ் வருகிறதா? ஏற்கனவே ஓட்டை இருக்கிறதா? எதையும் ஊற்றாதீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும். சின்னக் கீறல்கூட பெரிய புண்ணாகிவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் பீச்சியோ, கருவியால் உறிஞ்சியோ எடுத்துவிடுவார். சில நிமிட வேலை!

டிக்கெட்டா? அதைச் சட்டைப் பையில் வையுங்கள். செக்கர் ஏறினால் காதில் இருந்தா எடுத்துக் கொடுப்பீர்கள்?