பதவியும் மெய்ப்பாடும்: ‘தி ஆஃபீஸ்’ தொலைக்காட்சித் தொடரில் பாத்திரப் பண்பும் உறவும்

ஆய்வுச் சுருக்கம்

பணியிடத்தைக் களமாகக் கொண்ட நகைச்சுவைத் தொடர்களுள் அமெரிக்காவின் ‘தி ஆஃபீஸ்’ குறிப்பிடத்தக்கது. இத்தொடரின் முதன்மைப் பாத்திரங்களின் இயல்புகளையும் அவர்களுக்கிடையிலான உறவுகளையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் நகை பற்றிய கருத்துகள் வழி இக்கட்டுரை விளக்குகிறது. பதவி உணர்வை மறைக்கச் செய்கிறது. மறைத்த உணர்வு வெளிப்படும் இடத்திலேயே உறவு தோன்றுகிறது என்பது இதன் கருதுகோளாகும்.

முதன்மைச் சொற்கள்: மெய்ப்பாடு, நகை, எள்ளல், மடன், பணியிடம், பாத்திரப் படைப்பு.

முன்னுரை

ரிக்கி ஜெர்வெய்ஸ், ஸ்டீபன் மெர்ச்சண்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘தி ஆஃபீஸ்’ 2001ஆம் ஆண்டு பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதனைத் தழுவி கிரெக் டேனியல்ஸ் அமெரிக்கச் சூழலுக்கேற்ப அமைத்த தொடர், 2005 முதல் 2013 வரை ஒன்பது பருவங்களாக என்பிசி தொலைக்காட்சியில் வெளிவந்தது. இக்கட்டுரை அமெரிக்கத் தொடரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிராண்டன் நகரிலுள்ள டண்டர் மிஃப்ளின் என்னும் கற்பனைக் காகித நிறுவனக் கிளையே கதைக்களம். ஆவணப்படக் குழு ஒன்று அலுவலகத்தைப் படம்பிடிப்பதுபோல் தொடர் அமைக்கப்பட்டுள்ளது. பின்னணிச் சிரிப்பொலி இதில் இல்லை. எங்கே சிரிப்பது, எங்கே சிரிப்பை நிறுத்துவது என்பதைப் பார்வையாளரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

மெய்ப்பாடும் அலுவலகமும்

உள்ளத்தில் நிகழும் உணர்வு, கண்டார்க்குப் புலனாகுமாறு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள். இவை செய்யுளுக்குக் கூறப்பட்டவையாயினும், மெய்ப்பாட்டைக் கூத்தோடு தொடர்புபடுத்தி உரையாசிரியர் விளக்குவதால் காட்சிக் கலைக்கும் இவற்றைப் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

அலுவலகமோ மெய்ப்பாட்டை அடக்குமிடம். மேலாளர் சொல்லும் நகைச்சுவை சுவைக்கவில்லை என்பதைப் பணியாளர் முகத்தில் காட்ட இயலாது. காட்டினால் பணிக்கே இடர் வரலாம். இத்தொடரில் மேலாளர் பேசும்போது பணியாளர்கள் பெரும்பாலும் எவ்வுணர்ச்சியும் காட்டாத முகத்துடன் அமர்ந்திருக்கின்றனர். அடக்கப்பட்ட உணர்வு இரு வழிகளில் வெளியேறுகிறது. ஒன்று, கேமராவை நோக்கி வீசும் ஒரு கணப் பார்வை. மற்றொன்று, தனியே அமர்ந்து கேமராவிடம் கூறும் கூற்று. கேமராவுக்குத் தெரிவது அடுத்த மேசையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. பாத்திரங்களுக்கிடையிலான தொலைவை இந்த இடைவெளியே அளந்து காட்டுகிறது.

நகையின் நிலைக்களன்களும் பாத்திரங்களும்

கிளை மேலாளன் மைக்கேல் ஸ்காட்டிடம் இளமையும் பேதைமையும் ஒருங்கே அமைந்துள்ளன. இங்கு இளமை என்பது பிள்ளைத்தன்மை. திறமையான விற்பனையாளனாக இருந்து மேலாளன் ஆனவன் அவன். பணியாளர்களைத் தன் குடும்பம் என்கிறான். அவர்கள் தன்னை விரும்ப வேண்டும் என ஏங்குகிறான். தன்னிடம் ஊதியம் பெறுவோர் தன் அன்பை மறுக்கும் உரிமை இல்லாதவர்கள் என்பதை அவன் உணர்வதில்லை. அவனது பேதைமையின் மையம் இதுவே.

விற்பனையாளன் டுவைட் ஷ்ரூட்டின் பண்பு மடன். கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்வதை இங்கு மடன் எனக் கொள்ளலாம். மூன்றாம் பருவத்தில், எதிர்காலத்திலிருந்து தானே தனக்கு அனுப்பியதாகக் காணப்படும் தொலைநகலை நம்பி, காப்பியில் நஞ்சிருப்பதாக எண்ணிச் சக பணியாளன் கையிலிருந்த கோப்பையைத் தட்டிவிடுகிறான் டுவைட். பதவியையும் அவன் அவ்வாறே நம்புகிறான். அவனது பதவிப் பெயர் ‘வட்டார மேலாளரின் உதவியாளர்’. அவன் சொல்லிக்கொள்வதோ ‘உதவி வட்டார மேலாளர்’. மற்றவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும் இவ்வேறுபாடு அவனுக்குத் தன்மதிப்பின் அளவுகோலாக உள்ளது.

தொலைநகலை அனுப்பியவன் ஜிம் ஹால்பர்ட். அவனது நிலைக்களன் எள்ளல். டுவைட்டின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் புதைப்பதில் முதல் நிகழ்விலேயே இது தொடங்குகிறது. இந்த எள்ளலுக்கு மற்றொரு பயனும் உண்டு. வரவேற்பாளர் பாம் பீஸ்லியை ஜிம் விரும்புகிறான். அவளோ வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். டுவைட்டைக் கேலி செய்து இருவரும் சேர்ந்து சிரிப்பதே அவர்கள் அஞ்சாமல் பகிரக்கூடிய ஒரே உணர்வு. இங்கு நகை, காதலை மறைக்கும் திரையாகிறது.

ஸ்டான்லியின் கருவி

‘ஸ்ட்ரெஸ் ரிலீஃப்’ (2009) என்னும் நிகழ்வு இக்கருதுகோளுக்குச் சிறந்த சான்று. டுவைட் நடத்தும் போலித் தீ ஒத்திகையின் அச்சத்தில் விற்பனையாளன் ஸ்டான்லிக்கு மாரடைப்பு ஏற்படுகிறது. பணிக்குத் திரும்பும் அவன் மன அழுத்தத்தைக் காட்டும் சிறு கருவியுடன் வருகிறான். மைக்கேல் அருகே வரும்போது கருவி ஒலிக்கிறது, விலகினால் அடங்குகிறது. ஆண்டுக்கணக்காக ஸ்டான்லியின் முகம் மறைத்ததை அவனது உடல் அறிவித்துவிடுகிறது. அழுத்தத்தின் காரணம் தானே என்று மைக்கேலும் அறிய நேர்கிறது.

இதற்கு மாற்றாக, அனைவரும் தன்னைக் கேலி செய்யும் நிகழ்ச்சி ஒன்றை மைக்கேல் ஏற்பாடு செய்கிறான். பிறரைத் தான் எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டு நகுதல் என எள்ளல் இருவகைப்படும் என்பார் பேராசிரியர். இரண்டாம் வகையை மைக்கேலால் தாங்க முடியவில்லை. பணியாளர்களின் சொற்கள் புண்படுத்த, மறுநாள் அலுவலகம் வராமல் பூங்காவில் தனித்திருக்கிறான். பின்னர்த் திரும்பிவந்து ஒவ்வொருவரையும் ஓரிரு சொற்களில் எள்ளுகிறான். முதலில் சிரிப்பை அடக்க இயலாமல் போவது ஸ்டான்லிக்கே. முன்பு மேலிருந்து கீழாக மட்டுமே சென்ற கேலி இப்போது இரு திசையிலும் செல்கிறது. ஆகவே ஸ்டான்லியின் சிரிப்பு பதவிக்கு அஞ்சிய சிரிப்பன்று.

ஓவியமும் உறவும்

பாமின் மெய்ப்பாடு பெரிதும் அடக்கமே. ‘பிசினஸ் ஸ்கூல்’ (2007) நிகழ்வில் அவளது ஓவியங்கள் கண்காட்சியில் வைக்கப்படுகின்றன. அலுவலக நண்பர்கள் பெரும்பாலோர் வரவில்லை. வந்த சக பணியாளன் ஆஸ்கர், அவள் பின்னால் நிற்பதறியாமல் அவளைக் குறைத்துப் பேசுகிறான். இறுதியில் வரும் மைக்கேல், அலுவலகக் கட்டடத்தை வரைந்த நீர்வண்ண ஓவியத்தைக் கண்டு உண்மையாகவே வியந்து விலைக்குக் கேட்கிறான். பாம் அவனை அணைத்துக்கொள்கிறாள். எங்கும் நகைக்குக் காரணமான அவனது பேதைமை இங்கே குற்றம் காணத் தெரியாத தூய்மையாகிறது. அதே பண்பு ஓரிடத்தில் துன்பமும் மற்றோரிடத்தில் அன்பும் தருவதால் மைக்கேலை வெறும் கேலிச்சித்திரமாக ஒதுக்க இயலவில்லை. அப்பருவத்தின் ‘பீச் கேம்ஸ்’ நிகழ்வில், கண்காட்சிக்கு வராததன் வருத்தத்தைச் சக பணியாளர் அனைவர் முன்னும் பாம் வெளிப்படையாகக் கூறுகிறாள். அதுவரை கேமராவிடம் மட்டுமே சொல்லத்தக்கதாக இருந்தது முதன்முறையாக உரியவர் செவிக்குச் செல்கிறது.

ஜிம்–டுவைட் உறவிலும் இத்தகைய திருப்பம் உண்டு. ‘மனி’ (2007) நிகழ்வில், காதலி ஏஞ்சலாவைப் பிரிந்த டுவைட் படிக்கட்டில் அமர்ந்து வருந்துகிறான். அருகில் அமரும் ஜிம், முன்பு பாமை அடைய இயலாதபோது தான் பட்ட துயரைக் கூறுகிறான். கேலிக்கு வாய்ப்பிருந்தும் அவன் கேலி செய்யவில்லை. ஆறுதலுக்கு நன்றியாக அணைக்க டுவைட் திரும்பும்போது ஜிம் எழுந்து சென்றுவிட்டிருக்கிறான். நகையும் அழுகையும் ஒரே காட்சியில் நிற்கின்றன. எள்ளலை விட்ட கணத்தில் உறவு தொடங்கினாலும், அதை வெளிக்காட்டும் துணிவு இருவருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கவில்லை.

முடிவுரை

நிறைவு நிகழ்வில் டுவைட் கிளை மேலாளனாக இருக்கிறான். ஜிம்மும் பாமும் பணியிலிருந்து விலகுவதாகக் கூற, அவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை கிடைக்கும்பொருட்டு அவர்களைத் தானே பணிநீக்கம் செய்கிறான். பதவியை எழுத்துப் பிசகாமல் நம்பியவன், அதை முதன்முறையாக நட்புக்குக் கருவியாக்குகிறான். பாம் சுவரிலிருந்த தன் ஓவியத்தை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள்.

இளமை, பேதைமை, மடன், எள்ளல் ஆகியவை இத்தொடரின் பாத்திரங்களை வேறுபடுத்தும் பண்புகளாக அமைவதும், அவை நகையை விட்டு வேறு மெய்ப்பாட்டிற்கு இடம் தரும்போது உறவு உருவாவதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. பணியிட நகைச்சுவையை ஆராய்வோர் யார் சிரிக்க வைக்கிறார் என்பதோடு, யார் சிரிக்காதிருக்கும் உரிமை பெற்றவர் என்பதையும் கருத்திற்கொள்வது இன்றியமையாதது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் எழும் சிரிப்பு மெய்ப்பாடாகாது.